கையை ஆட்டினால் போதாது, தண்ணீரைப் பிடிக்கணும்!

பாதிக் குளத்திலேயே மூச்சு வாங்குவது ஏன்?
பிரீஸ்டைல் நீச்சலுக்கு உப்பளக்காரர் சொல்லித்தரும் பாடம்

மரக்காணம்:-

ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். குளத்தில் குதித்து நீந்தினால் நாலு பக்கமும் தண்ணீர் தெறிக்கும். பார்க்கிறவர்கள் ஒதுங்குவார்கள்.

ஆனால் 20 மீட்டர் போவதற்குள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "புஸ், புஸ்" என்று மூச்சு வாங்கும்.

பக்கத்திலேயே ஒல்லிப் பையன் ஒருவன் நீந்துவான். சத்தம் இல்லை. தண்ணீர் தெறிப்பது இல்லை. அவன் பாட்டுக்குப் போவான், வருவான்.

பலசாலி நிற்கிறார். ஒல்லிப் பையன் போகிறான். என்ன ரகசியம்?

ரகசியம் கையில் இருக்கிறது. கை போடும் விதத்தில் இருக்கிறது.

பிரீஸ்டைல் நீச்சலில் ஆளை முன்னே கொண்டு போவதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு கையின் வேலை என்பது பயிற்சியாளர்கள் கணக்கு. கால் உடம்பைச் சமமாக வைத்திருக்கும். வண்டி இழுப்பது கைதான்.

அந்தக் கையைச் சரியாகப் போடத் தெரியாதவர் குளத்தில் நின்றால் நஷ்டம் இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. கடலில் நின்றால்? அங்கே கம்பி ஏது?

சென்னையில் இருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரை சாலையில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார், மோட்டார் சைக்கிளில் இளைஞர்கள் பறக்கிறார்கள். வழியில் கடலைக் கண்டதும் "எனக்கு நீச்சல் தெரியும்டா" என்று சட்டையைக் கழற்றுகிறார்கள். ஒரு நீளம் நீந்தத் தெரிந்தால் அது நீச்சல் தெரிந்ததாக ஆகுமா?

அதனால்தான் இந்தக் கட்டுரை.

உப்பு வாரும் கை

மரக்காணத்தில் சாலையோரம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம் விரிந்து கிடக்கிறது. பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக வெள்ளை வெளேர் என்ற உப்புக் குவியலைப் பார்த்திருப்பீர்கள். உப்பு வாருகிறவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா?

நீண்ட கம்பின் நுனியில் ஒரு மரப்பலகை. அதைப் பாத்திக்குள் எட்ட நீட்டுகிறார். பலகையை நிமிர்த்தி அடியில் பதிக்கிறார். பிறகுதான் தன் பக்கம் இழுக்கிறார். உப்பு மொத்தமாக வந்து வரப்போரம் சேருகிறது.

பலகையைப் படுக்கப் போட்டு இழுத்தால் என்ன ஆகும்? உப்பின் மேலே வழுக்கிக்கொண்டு சும்மா வரும். எத்தனை பலசாலி இழுத்தாலும் உப்பு வராது.

பிரீஸ்டைல் கையும் இதேதான். நீட்டணும், பதிக்கணும், இழுக்கணும். உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்ததுதான் பலகை. அது தண்ணீருக்குள் செங்குத்தாக நின்றால் தண்ணீர் பிடிபடும். படுத்துக்கொண்டே வந்தால் தண்ணீர் நழுவும்.

ஒரு வித்தியாசம் உண்டு. உப்பளத்தில் உப்பு நம்மிடம் வருகிறது. நீச்சலில் தண்ணீர் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. நாம்தான் அதைப் பிடித்துக்கொண்டு முன்னே போகிறோம். ஏணியில் ஏறுகிறவன் படியைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பது போல.

வேகமாக அடித்தால் என்ன?

"சரி சார், கையை இன்னும் வேகமாகச் சுற்றினால் வேகமாகப் போகலாம் அல்லவா?" என்று கேட்பீர்கள்.

தண்ணீர் காற்றை விட சுமார் 800 மடங்கு கனமானது. அதில் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், தண்ணீர் காட்டும் எதிர்ப்பு நாலு மடங்கு ஆகிவிடும். வேகத்தை வாங்க வாங்க விலை ஏறிக்கொண்டே போகும்.

பிடி இல்லாத கையை வேகமாகச் சுற்றுவது, சேற்றில் மாட்டிய லாரியின் சக்கரம் சுற்றுகிற கதைதான். டீசல் தீரும். வண்டி நகராது.

எனவே முதலில் பிடி. பிறகு வேகம்.

ஐந்து கட்டம்

ஒரு கை ஒரு சுற்று சுற்றி வருவதை ஐந்து கட்டமாகப் பிரிக்கலாம்.

1. நுழைவு:- கை தோளுக்கு நேர் முன்னே தண்ணீருக்குள் போகவேண்டும். விரல் நுனி முதலில். பிறகு மணிக்கட்டு. கடைசியில் முழங்கை. தபால் பெட்டிக்குள் கடிதம் போடுவது போல நழுவிப் போகணும். 'டப்' என்று சத்தம் கேட்டால் தண்ணீரை அறைகிறீர்கள் என்று அர்த்தம்.

2. நீட்டல்:- நுழைந்த கை தண்ணீருக்குள் முன்னே நீளவேண்டும். உடம்பு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் ஒருக்களிக்கும். பரண் மேல் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கும்போது ஒரு தோள் உயருமே, அதேதான்.

3. பிடி:- முக்கியமான கட்டம் இது. தண்ணீருக்குள் முழங்கையை மேலேயே நிறுத்திக்கொண்டு, விரல் நுனியைக் கீழே சாய்க்க வேண்டும். முன்கை முழுவதும் அடிப்பக்கம் பார்த்து இறங்கும். வீட்டில் பெரிய தண்ணீர் டிரம் இருக்கிறதா? அதன் மேல் கவிழ்ந்து ஒரு கையால் அணைத்துப் பாருங்கள். முழங்கை மேலே, உள்ளங்கை பின்பக்கம் பார்த்து இருக்கும். அந்த வடிவம்தான் வேண்டும்.

4. இழுப்பும் தள்ளலும்:- பிடித்த தண்ணீரை நேராகப் பின்னே தள்ளவேண்டும். நெஞ்சைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, தொடை வரை கை போகணும். பலர் வயிற்றுக்கு நேரே வந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். முழுச் சம்பளத்துக்கு அரை நாள் வேலை பார்ப்பது போன்றது அது.

5. திரும்பல்:- தொடையில் இருந்து முழங்கை முதலில் மேலே வரும். முன்கை தளர்ந்து தொங்கும். கைக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நேரம் இதுதான். இங்கேயும் முறுக்கிக்கொண்டு இருந்தால் தோள் கெட்டுவிடும்.

விரல்களை இறுக்கி ஒட்டவேண்டியது இல்லை. லேசாக இடைவெளி இருந்தால் பிடி குறையாது. இறுக்கினால் கை சோர்ந்து போவதுதான் மிச்சம்.

எங்கே தப்பு நடக்கிறது?

குளத்தில் அரைமணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தால் போதும். மூன்று தப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

குறுக்கே போடுவது:- வலது கை தலைக்கு முன்னே இடது பக்கம் போகும். இடது கை வலது பக்கம் போகும். உடம்பு பாம்பு மாதிரி நெளியும். 25 மீட்டர் குளத்தில் 27 மீட்டர் நீந்துகிற பேர்வழிகள் இவர்கள்.

கீழே அமுக்குவது:- கை நுழைந்ததும் விறைப்பாகக் கீழே அழுத்துவார்கள். தண்ணீரை அமுக்கினால் தலை மேலே வரும். இடுப்பும் காலும் கீழே போகும். முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

தலையைத் தூக்குவது:- மூச்சுக்காகத் தலையை முன்பக்கம் தூக்கினால், அந்த நேரத்தில் முன்னே இருக்கும் கை ஆளைத் தாங்கும் தூண் ஆகிவிடும். பிடி போச்சு. தலையைத் தூக்காமல் உடம்போடு பக்கவாட்டில் திருப்பினால் போதும். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். முகம் உள்ளே இருக்கும்போது மூச்சை விட்டுவிட வேண்டும். வெளியே வந்தால் இழுக்க மட்டுமே நேரம் இருக்கும்.

டார்சானும் 7 தங்கமும்

கையை மாற்றி மாற்றிப் போடும் இந்த நீச்சலை வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லிக்கொடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கதை வேறு.

1844-ம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு போட்டியில், வட அமெரிக்கப் பழங்குடியினர் இரண்டு பேர் இப்படிக் கை வீசி நீந்திக் காட்டினார்கள். ஆங்கிலேயர்களுக்கு அது நாகரிகமாகத் தெரியவில்லை. தவளை நீச்சல்தான் மரியாதை என்று இருந்துவிட்டார்கள். பிறகு சாலமன் தீவில் இருந்து வந்த அலிக் விக்காம் என்ற இளைஞர், 1900-ம் ஆண்டை ஒட்டி சிட்னி நகரில் இதே கையைப் போட்டு எல்லோரையும் வாய் பிளக்க வைத்தார். அதன் பின்தான் மேல்நாட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

1922-ல் ஜானி வெயிஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 வினாடியில் கடந்தார். ஒரு நிமிடத்துக்குள் கடந்த முதல் ஆள் அவர். பிற்பாடு சினிமாவில் டார்சானாகக் காட்டில் கத்திக்கொண்டு தாவினாரே, அவரேதான்!

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன், கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கி வீரர்களின் கையைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அவரிடம் பயின்ற மார்க் ஸ்பிட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வாங்கினார்.

இதை விட ருசியான செய்தி ஒன்று உண்டு. அந்தக் கவுன்சில்மேன் 1979-ல் தாமே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 58. நம் ஊரில் 2020 வரை அரசாங்க ஊழியருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய வயது அது!

எனவே "இந்த வயசுல எனக்கு எதுக்கு சார்?" என்று குமாஸ்தாக்கள் யாரும் சொல்லவேண்டாம்.

தமிழன் கை

ஆங்கிலக் கால்வாய் என்றதும், மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அது போல வெட்டிய கால்வாய் என்று எண்ணிவிடாதீர்கள். குறுகலான இடத்திலேயே 33 கிலோமீட்டர் அகலம் உள்ள குளிர்ந்த கடல் அது.

1994-ல் அந்தக் கடலை நீந்திக் கடந்தான் தமிழ்நாட்டுப் பையன் குற்றாலீசுவரன். அப்போது 13 வயது கூட நிரம்பவில்லை. அதே ஆண்டில் பாக் ஜலசந்தி உட்பட மொத்தம் 6 இடங்களில் கடலைக் கடந்து காட்டினான். மிகிர் சென் 1966-ல் ஒரே ஆண்டில் 5 இடங்களைக் கடந்ததுதான் அதற்கு முந்தைய சாதனை. 1996-ல் குற்றாலீசுவரனுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

13 வயசுப் பையனுக்கு என்ன பெரிய பலம் இருந்துவிடப் போகிறது? பலத்தை நம்பியா அத்தனை தூரம் போக முடியும்? யோசித்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னாலேயே பாக் ஜலசந்தியை நீந்தி வந்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். 1954-ல் நவரத்தினசாமி நீந்தி இந்தியக் கரை சேர்ந்தார். 1971-ல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் அக்கரையில் இருந்து இக்கரை வந்து, திரும்பவும் அக்கரைக்கே நீந்திப் போனார். 'ஆழிக்குமரன்' என்று ஜனங்கள் கொண்டாடினார்கள்.

அந்த ஆழிக்குமரனே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் இழந்தார். எப்பேர்ப்பட்ட கைக்கும் கடல் கட்டுப்படாது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போடுங்கள்

தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு சுமார் 29 கிலோமீட்டர். 25 மீட்டர் குளத்தில் இது 1,160 நீளம்.

ஒரு நீளத்துக்கு 4 கை வீணாகப் போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,640 கை வீண்! கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். சரக்குக்குச் சரக்கு சில்லறை சில்லறையாக ஒழுகினால், வருஷக் கடைசியில் முதலே போய்விடும்.

உங்கள் கை ஒழுகுகிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு நீளம் நீந்துங்கள். எத்தனை கை போட்டீர்கள் என்று எண்ணுங்கள். எத்தனை வினாடி ஆயிற்று என்று பாருங்கள். இரண்டையும் கூட்டுங்கள்.

24 கை, 30 வினாடி என்றால் கூட்டுத்தொகை 54. ஒரு மாதம் கழித்து 22 கை, 29 வினாடி என்றால் 51. தேறிவிட்டீர்கள்.

கை 20 ஆகக் குறைந்து, நேரம் 36 வினாடி ஆனால்? கூட்டுத்தொகை 56. ஏமாறாதீர்கள். பிடி கூடவில்லை, நடுவில் சும்மா மிதந்திருக்கிறீர்கள்.

மூன்று பயிற்சி

சென்னையில் வேளச்சேரியில் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் இருக்கிறது. அங்கேயானாலும் உங்கள் ஊர்க் குளமானாலும் காசு செலவு இல்லாமல் இவற்றைச் செய்யலாம்.

முஷ்டி நீச்சல்:- விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டு ஒரு நீளம் போங்கள். உள்ளங்கை இல்லாததால் முன்கை வேலை செய்தே தீரவேண்டும். அடுத்த நீளம் கையை விரித்தால், கையில் துடுப்பு முளைத்தது போல இருக்கும்.

காத்திருக்கும் கை:- ஒரு கை முன்னே நீண்டு காத்திருக்கட்டும். மற்றக் கை சுற்றி வந்து அதைத் தொட்ட பிறகே அது இழுக்க ஆரம்பிக்கவேண்டும். அவசரம் குறையும். நீளம் கூடும்.

விரல் இழுத்தல்:- கை திரும்பி வரும்போது விரல் நுனி தண்ணீர் மேல் கோடு கிழித்துக்கொண்டே வரட்டும். முழங்கை தானாக மேலே நிற்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

"முழங்கையை மடக்காமல் காற்றாடி மாதிரி கை சுற்றுகிறவர்களும் ஜெயிக்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஜேனட் இவான்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அப்படிச் சுற்றித்தான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வாங்கினார். ஆனால் அந்தக் காற்றாடி தண்ணீருக்கு மேலே மட்டும்தான். தண்ணீருக்குள் அவர் கையும் பிடித்துத்தான் இழுத்தது. மேலே அவரவர் பாணி. கீழே சட்டம் ஒன்றுதான்.

தோள் வலித்தால்...

கையைக் குறுக்கே போடுகிறவர்களுக்கும், கட்டைவிரலை முதலில் குத்துகிறவர்களுக்கும் தோள்பட்டையில் வலி வரலாம். தோள் எலும்புகளுக்கு நடுவே தசைநார் நசுங்குவதுதான் காரணம். 'பழகினால் சரியாயிடும்' என்று வலியோடு நீந்தக் கூடாது. நிறுத்துங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். கை போடும் முறையைத் திருத்துங்கள்.

உப்புத் தண்ணீர் தூக்கும், ஆனால்...

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ எடை. கடல் தண்ணீர் 25 கிராம் கூடுதல். அதனால் கடலில் உடம்பு சற்று மேலே மிதக்கும். இடுப்பும் காலும் சுலபமாக எழும்பும்.

உப்பளத் தொழிலாளிகளுக்கு இது தெரிந்த சங்கதி. கடல் தண்ணீர் 3 டிகிரி இருக்கும். வெயிலில் காய்ந்து 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விழும். அந்தத் தண்ணீர் லிட்டருக்கு 1,200 கிராம் வரை இருக்கும். அதில் நீந்தலாமா என்று ஆசைப்படாதீர்கள். கண்ணும் தோலும் எரிந்துவிடும். உப்பளத்தில் நிற்கிறவர்களின் காலைப் பார்த்தால் தெரியும்.

கடல் தூக்கிவிடுகிறதே, பயம் இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. குளத்தில் கையை நீட்டி நீட்டிச் சறுக்கும் ஒய்யாரம் அலையில் செல்லாது. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே சும்மா இருந்தால், அலை ஆளை நிறுத்திவிடும். கடலில் கை கொஞ்சம் குட்டையாக, இடைவிடாமல் வரவேண்டும். அலை தட்டாமல் இருக்கக் கை சற்று உயர்ந்து திரும்பவேண்டும். பத்துக் கைக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் முதலை மாதிரி மேலே தூக்கிக் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரையில் இருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம் ஒன்று உண்டு. அதை எதிர்த்து நேராகக் கரையை நோக்கி நீந்தினால், ஒலிம்பிக் கை கூடத் தோற்றுவிடும். பதற்றப்படாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லையா? மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள்.

உலகத்தில் 2021-ம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 'எனக்கு நீச்சல் தெரியும்' என்று இறங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

எனவே தனியாகக் கடலில் இறங்காதீர்கள். குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். மீனவர்கள் "வேணாம் தம்பி, இன்னிக்கு இழுப்பு இருக்கு" என்று சொன்னால், பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாத கடலா?

கடலோரக் காவல் படை உதவிக்கு 1554. ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் இப்போதே செல்போனில் பதிந்து வையுங்கள்.